ஹேக்கா, ஜெனீவாவா, மதுரைக் கிளையா? மனித உரிமை இன்டர்ன்ஷிப் தேடும் சட்ட மாணவர்களுக்கு

செமஸ்டர் முடியப் போகிறது என்றாலே சட்டக் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, எனக்கு ஹியூமன் ரைட்ஸ்ல ஆர்வம், இன்டர்ன்ஷிப் எங்கே போடலாம்?" கேட்கிறவர் பாதி முடிவோடுதான் கேட்கிறார். ஒன்று சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக், இல்லாவிட்டால் ஐநாவின் மனித உரிமை அலுவலகம் இருக்கும் ஜெனீவா. உள்ளூர் சீனியர் ஒருவரின் சேம்பரைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. நான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடுபவன், அதனால் என் பேச்சு கொஞ்சம் இந்தப் பக்கம் சாயத்தான் செய்யும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். கட்டடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே உங்கள் கைக்கு என்ன காகிதம் வரும், அந்த மாதங்களுக்கு யார் காசு கட்டுவது என்ற இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஆசையை விடுங்கள், முதலில் விதியைப் பார்ப்போம். இந்தியப் பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும், ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் போகக் கூடாது. படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் இருந்தே ஆக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அட்டெண்டன்ஸ் தனித் தலைவலி. இந்தப் பக்கம் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 3 முதல் 6 மாதம் கேட்கிறது. ஐநா செயலகமோ இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருப்பவரை, அல்லது பட்டம் பெற்று ஓராண்டு ஆகாதவரை, அல்லது முதுநிலை படிப்பவரைத்தான் எடுக்கும். ஆக, ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை, ஹேக்கும் ஜெனீவாவும் அவருக்கு இன்னும் திறக்காத கதவுகள். இது தெரியாமல் அந்த வயதிலேயே மனதை ஒடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஹேக். அங்கே இரண்டு பெரிய நீதிமன்றங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், சுருக்கமாக ஐசிசி (வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் கிரிக்கெட்டில் வேலை கிடைத்துவிட்டதா என்பார்கள்), 1998-இல் நிறைவேறி 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனத்தின் கீழ் இயங்குவது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகியவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிக்கிறது. இன்டர்ன் என்று சேர்ந்தால் நீதிபதிகளின் பிரிவு, அரசுத் தரப்பு அலுவலகம், பதிவகம், பாதிக்கப்பட்டோருக்கான அலுவலகம், எதிர்த்தரப்புக்கான (அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கான) அலுவலகம் என்று ஏதோ ஒன்றில் வைப்பார்கள். எங்கே வைத்தாலும் வேலையில் பெரும்பகுதி வாசிப்புதான்: விசாரணைப் பதிவுகளைப் படித்துச் சுருக்குவது, ஒரு சட்டக் கேள்விக்கு முந்தைய தீர்ப்பாயங்கள் என்ன சொல்லின என்று குறிப்பு எழுதுவது, அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது. சலிப்பான வேலை என்று ஒதுக்காதீர்கள். ஒரு பெரிய குற்ற வழக்கில் சான்றை எப்படி அடுக்குகிறார்கள் என்பதை இவ்வளவு அருகில் பார்க்கும் இடம் உலகத்தில் அதிகம் இல்லை. என்னைக் கேட்டால் எதிர்த்தரப்புப் பக்கம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் குறைவான இடத்தில்தான் இன்டர்னுக்கு உருப்படியான வேலை வரும். ஒரு குறையும் உண்டு: எழுதியது எல்லாமே ரகசியம். அடுத்த வேலைக்கு மாதிரி எழுத்து கேட்டால் அங்கே எழுதியதை எடுத்து நீட்ட முடியாது.

பணம்தான் பெரிய சுவர். ஐசிசியில் பொதுவாக இன்டர்னுக்குச் சம்பளம் கிடையாது. உதவித்தொகையோடு சில இடங்கள் உண்டு, ஆனால் அவை ரோம் சாசனத்தில் உறுப்பினரான வளரும் நாடுகளின் குடிமக்களுக்கு. இந்தியாவும் உறுப்பினர் இல்லை, இலங்கையும் இல்லை. மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்து அடுத்த மாதமே பின்வாங்கியது. பக்கத்து வங்கதேச மாணவருக்கு இருக்கும் அந்தக் கதவு நமக்கு இல்லை. ஹேக்கில் ஓர் அறைக்கு மட்டுமே மாதம் 700, 800 யூரோ ஆகிவிடும், அதற்குமேல் சாப்பாடு, காப்பீடு, விமானச் சீட்டு. 90 நாளைத் தாண்டினால் சாதாரண ஷெங்கன் விசா போதாது. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அது அப்பாவின் இரண்டு மூன்று வருடச் சம்பளம். கடன் வாங்கிப் போவதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்த ஆறு மாதத்தின் முடிவில் அங்கே வேலை தருகிறோம் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கப்போவதில்லை. இன்னொன்று, 2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்த நீதிமன்றத்தின் மீது பொருளாதாரத் தடை உத்தரவு போட்டு, பிறகு நீதிபதிகளின் பெயர்களையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள தமிழ் மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

ஈழத்துப் பின்னணி உள்ள மாணவர்கள் பலர் முள்ளிவாய்க்காலை மனதில் வைத்துத்தான் ஐசிசி பக்கம் பார்க்கிறார்கள். அந்த ஏக்கம் புரிகிறது, ஆனால் சட்ட நிலை கசப்பானது. இலங்கை உறுப்பு நாடு இல்லை, அந்த அரசே நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொள்ளாதவரை பாதுகாப்புச் சபை அனுப்பிவைத்தால்தான் 2009-இன் கடைசிப் போர் மாதங்கள் அந்த நீதிமன்றத்துக்குள் முழுதாக வர முடியும், அதற்கு வீட்டோ நாடுகள் வழிவிட வேண்டும். ரோஹிங்கியா விஷயத்தில் மியான்மர் உறுப்பினர் இல்லாதபோதும் மக்கள் உறுப்பு நாடான வங்கதேசத்துக்குள் துரத்தப்பட்டதால் அதிகாரம் உண்டு என்று 2018-இல் நீதிபதிகள் சொன்னார்கள். நம் மக்களில் பெருங்கூட்டம் கடல் தாண்டி வந்த இந்தியாவோ உறுப்பினர் இல்லை. எனவே இலங்கை வழக்குக்காக வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஹேக் உங்களுக்குச் சரியான விலாசம் இல்லை.

அதே நகரத்தில் அமைதி அரண்மனையில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு. அங்கே நாடுதான் நாட்டின் மீது வழக்குப் போட முடியும். இலங்கையைச் சேர்ந்த வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அங்கே நீதிபதியாக இருந்தார், அவர் எழுதிய தனித் தீர்ப்புகளைப் படித்துப் பாருங்கள், நீதிமன்ற மொழி இப்படியும் இருக்கலாமா என்று தோன்றும். அங்குள்ள நல்ல வாய்ப்பு ஜூடிஷியல் ஃபெலோஷிப். சுமார் பத்து மாதம் ஒரு நீதிபதியோடு வேலை. ஆனால் பல்கலைக்கழகம்தான் பெயர் முன்மொழிய வேண்டும், செலவையும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். வளரும் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்காக ஐநா பொதுச் சபை 2020 டிசம்பரில் ஒரு நிதியம் தொடங்கியது என்பது நமக்கு ஆறுதல். உங்கள் கல்லூரி இதுவரை யாரையும் முன்மொழிந்ததில்லை என்றால் டீனிடம் கேளுங்கள். கேட்காமல் நடக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய வழிகாட்டிப் பட்டியல்களில் இன்னமும் ருவாண்டா தீர்ப்பாயம், யூகோஸ்லாவியா தீர்ப்பாயம், லெபனான் சிறப்புத் தீர்ப்பாயம் என்றெல்லாம் இருக்கும். முதலாவது 2015-இலும் இரண்டாவது 2017-இலும் மூன்றாவது 2023-இலும் மூடப்பட்டுவிட்டன.

ஜெனீவாவுக்கு வருவோம். ஐநா மனித உரிமை ஆணையர் அலுவலகத்திலும் சம்பளம் இல்லை, ஊரோ ஹேக்கைவிடச் செலவு கூடியது. 2015-இல் ஐநா இன்டர்ன் ஒருவர் வாடகை கொடுக்க முடியவில்லை என்று சொல்லி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. அதன் பிறகும் செயலகத்தின் கொள்கை மாறவில்லை. அதே ஊரில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது, தொழிலாளர் உரிமையில் ஆர்வம் இருந்தால் முதலில் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஏனோ நம் பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஆனால் கையில் வரும் காகிதத்தைப் பார்த்தால் ஹேக்கைவிட ஜெனீவா ஒரு படி மேல் என்பேன். மனித உரிமைப் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது, பிப்ரவரி இறுதி, ஜூன், செப்டம்பர் என்று. அந்த வாரங்களில் அங்கே இருந்தால் ஒரு தீர்மானத்தின் வரி எப்படிப் பேரம் பேசப்படுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இலங்கை தொடர்பான 46/1 தீர்மானம் 2021 மார்ச் 23-இல் 22 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நாடுகள் வாக்களிக்காமை என்று நிறைவேறியது, இந்தியா அந்த 14-இல் ஒன்று. சான்றுகளைத் திரட்டிப் பாதுகாத்து எதிர்கால வழக்குகளுக்குத் தயார்ப்படுத்தும் வேலை ஆணையர் அலுவலகத்தில் தொடங்கியது அந்தத் தீர்மானத்தால்தான். முள்ளிவாய்க்காலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்கிறவர் தேடவேண்டிய இடம் இது. தமிழ் படிக்கத் தெரிந்த சட்ட மாணவர் என்பது இங்கே வெறும் அடையாளமாக இருக்காது, ஒரு தகுதி. ஆணையர் அலுவலகத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஜெனீவாவில் இருக்கும் சிறிய மனித உரிமை அமைப்புகளைப் பாருங்கள், பேரவை அரங்கில் வாசிக்கும் அறிக்கையை இன்டர்னே எழுதும் வாய்ப்பு அங்கே கூடுதல்.

ஜெனீவாவின் எல்லையையும் தெரிந்துகொண்டு போங்கள். நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழ்க் கைதி, தனக்குப் படிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தின் மேல் தண்டிக்கப்பட்டவர். ஐநா மனித உரிமைக் குழு 2004-இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. அதை எடுத்துக்கொண்டு கொழும்பில் உள்ள இலங்கையின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனால், தனிநபர் முறையீடுகளை அந்தக் குழு கேட்க வழிசெய்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006-இல் கதவைச் சாத்தினார்கள். ஜெனீவாவில் ஜெயித்த காகிதத்தை உள்ளூர் நீதிமன்றத்தில் உயிர்ப்பிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அந்தப் பயிற்சியை ஜெனீவா தராது. இலங்கையில் படிப்பவர்கள் இதனாலேயே அரசியலமைப்பின் 126-ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுப் போடும் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டிய வேகம், அதற்குள் மருத்துவ அறிக்கை வாங்குவது, சாட்சியைச் சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) கொடுக்க வைப்பது, இதெல்லாம் வகுப்பில் வராது.

டெல்லியில் உள்ள தேசிய மனித உரிமை ஆணையம் நடுவழி. கோடையிலும் குளிர்காலத்திலும் சுமார் ஒரு மாதம், தவிர இரண்டு வார ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. சிறை, காவல் நிலையம், காப்பகம் என்று அழைத்துப் போய்க் காட்டுவார்கள், நாடு முழுக்க நண்பர்கள் கிடைப்பார்கள். பார் கவுன்சிலின் நான்கு வாரக் கணக்குக்கும் சரியாகப் பொருந்தும். படிப்பின் நடுவில் இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அது பெரும்பாலும் சொற்பொழிவு கேட்கும் மாதம், உங்கள் கையில் வழக்கு எதுவும் வராது. ஆணையத்தின் சர்வதேச அங்கீகாரப் புதுப்பிப்பு 2023-இலும் 2024-இலும் ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்று போகும் முன் படித்துவிட்டுப் போனால் அந்தச் சொற்பொழிவுகளில் கேட்க நல்ல கேள்விகள் இருக்கும்.

இனி என் ஊர்ப் பக்கம். உயர் நீதிமன்றத்தில், சென்னையோ மதுரையோ, ஆட்கொணர்வு மனுக்கள் போடும் ஒரு குற்றவியல் சேம்பரில் நான்கு வாரம் இருந்து பாருங்கள். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம், அதாவது எல்லோரும் குண்டாஸ் என்று சொல்வது, ஒருவரை விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்க வழி செய்கிறது. ஆணை போட்டதும் கைதிக்கு ஒரு புக்லெட் கொடுப்பார்கள், காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய கட்டு. இன்டர்னின் முதல் வேலை அதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது. எந்தப் பக்கம் ஜெராக்ஸில் மங்கிப் படிக்க முடியாமல் இருக்கிறது? ரிமாண்ட் ஆணை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறதா, தமிழ் பெயர்ப்பு இல்லையா? காரணங்களை 5 நாளுக்குள் கொடுத்தார்களா, அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தந்ததா, ஆலோசனைக் குழுவுக்கு மூன்று வாரத்துக்குள் அனுப்பினார்களா? கைதியின் மனைவி அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்தார்கள், இடையில் விடுமுறை நாள் எத்தனை? ஆணை ரத்தாவது பெரும்பாலும் இந்த ஓட்டைகளில்தான். ஒரு மனிதனின் சுதந்திரம் ஒரு மங்கிய ஜெராக்ஸில் தொங்குவதைப் பார்த்த பிறகு குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவைப் படியுங்கள், வேறு மாதிரி புரியும். இந்தியா 1979-இல் அந்த உடன்படிக்கையில் சேரும்போது அந்தப் பிரிவுக்கும் தடுப்புக் காவலைக் காப்பாற்றி ஒரு விலக்கு அறிவிப்பு போட்டது. நீலாவதி பெஹேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் அதே 9-ஆவது பிரிவை மேற்கோள் காட்டித்தான் காவல் மரணத்துக்கு இழப்பீடு தந்தது. சர்வதேசச் சட்டம் உள்ளூர் மனுவுக்குள் நுழையும் வழி இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. ரொம்பப் பேர் சீண்டாத இடம், கிடைப்பதும் சுலபம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவில், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்று இருக்கிறது, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக. ஒரு சிறையில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது ஒரு மாணவர் செய்யக்கூடிய வேலை, செய்தால் அந்த மாதமே யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாவது, இலங்கைத் தமிழர் முகாம்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை, எனவே இங்கே வேலை முழுக்கப் பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பாட்டன் காலத்துத் தோட்ட ஆவணம் என்று காகிதத்தைத் துரத்துவதுதான். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்வதுதான் அடிப்படை. இதேபோல அந்தத் தேதிக்கு முன் பிறந்த இன்னும் யார் யார் முகாம்களில் இருக்கிறார்கள் என்று தேடி ஆவணம் சேர்க்கும் இன்டர்ன்ஷிப்பை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஓர் அமைப்பையோ வழக்கறிஞரையோ நீங்களே அணுகிக் கேட்க வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே செய்யும் வழி ஒன்றும் வந்திருக்கிறது. வலையில் கிடைக்கும் காணொளிகளைச் சரிபார்த்துச் சான்றாக்கும் வேலை. லிபியத் தளபதி வெர்ஃபல்லி மீது 2017-இல் ஐசிசி போட்ட பிடியாணை பெருமளவு சமூக ஊடகக் காணொளிகளை நம்பி எழுந்தது. இதற்கான முறைகளைச் சொல்லும் பெர்க்லி நெறிமுறை இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் படித்துவிட்டு ஏதாவது ஓர் அமைப்பில் பகுதிநேரமாகச் சேரலாம். செலவு இல்லை. ஆனால் கொடூரமான காட்சிகளைத் தனியறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இது, அமைப்பில் மனநலத் துணை உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இப்போது என் கணக்கு. மூன்றாம் ஆண்டு வரை உள்ளூர் சேம்பர், சட்டப் பணிகள் ஆணைக்குழு, வேண்டுமானால் ஒரு மாதம் டெல்லி. நான்காம் ஆண்டில் முகாம் வேலையோ காணொளி வேலையோ, எழுதியதை வெளியே காட்டக்கூடிய ஏதாவது ஒன்று. பட்டம் முடித்த அந்த ஓராண்டு அல்லது எல்எல்எம் காலத்தில், உதவித்தொகை கையில் இருந்தால் ஜெனீவா, அதற்குப் பிறகு ஹேக். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. விசாவும் தங்குமிடமும் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஹேக்குக்கு ரயிலிலேயே போய்விடலாம், போகட்டும். அதோடு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது போல, உலகளாவிய அதிகார வரம்பில் (எங்கே நடந்த கொடுங்குற்றத்தையும் வேறொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற கொள்கையில்) வழக்குப் போடும் பெர்லின், ஜெனீவா அமைப்புகளையும் அவர்கள் பார்க்க வேண்டும். ஈழத் தமிழர் தொடர்பான வழக்குக்கு நடைமுறையில் திறந்திருக்கும் பாதை அதுவாகத்தான் தெரிகிறது.

இந்த வரிசையைக் கேட்டு, உள்ளூரில் ஆரம்பித்தால் உள்ளூரிலேயே நின்றுவிடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கு நவி பிள்ளையைச் சொல்வேன். டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, நிறவெறிக் காலத்தில் 1967-இல் சொந்தமாக அலுவலகம் திறந்து, ரோபன் தீவுக் கைதிகளுக்கு வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை 1973-இல் வாங்கித் தந்தவர். ருவாண்டா தீர்ப்பாய நீதிபதியானதும், அகயேசு வழக்கில் பாலியல் வன்முறையை இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று 1998-இல் தீர்ப்பெழுதிய அமர்வில் இருந்ததும், 2008 முதல் 2014 வரை ஐநா மனித உரிமை ஆணையராக இருந்ததும் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

விண்ணப்பம் பற்றி இரண்டு வார்த்தை. ஐநாவோ ஐசிசியோ விண்ணப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை, பணம் கட்டினால் ஐநா இன்டர்ன்ஷிப் என்று யார் சொன்னாலும் அது மோசடி. கடிதத்தில் மனித உரிமை மீது தீராத ஆர்வம் என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். குண்டாஸ் புக்லெட் பார்த்தேன், இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தேன், அதை வைத்து மனுவின் இந்தப் பத்தியை எழுதினேன் என்று எழுதுங்கள் (கட்சிக்காரர் பெயர் இல்லாமல்). உள்ளூர் சேம்பர் என்றால் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கோர்ட் முடிந்து சீனியர் அலுவலகத்துக்கு வரும் மாலை ஆறு மணி வாக்கில் நேரில் போய் நில்லுங்கள், குமாஸ்தாவிடம் முதலில் பேசுங்கள். எந்த நாளில் எந்த வழக்கு வருகிறது, சீனியர் எப்போது கொஞ்சம் நல்ல மனநிலையில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.